கொழும்பில் வீடு வாங்க எவ்வளவு சம்பளம் வேண்டும்? வெள்ளவத்தை முதல் ஹோமாகம வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகைக்கு இருந்துகொண்டு, சொந்தமாக ஒரு வீடு எடுக்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே வரும் வீட்டு விலைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்த உதாரணங்கள். நீங்கள் பார்க்கும் வீட்டின் விலையை அந்த இடத்தில் போட்டால் உங்கள் கணக்கு வந்துவிடும்.

எந்த இடத்தில் வாங்குவது என்பதிலிருந்து தொடங்கலாமா?

பெரும்பாலானோர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். புரோக்கர் ஒரு ஃபிளாட்டைக் காட்டுவார், வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிடும், பிறகு அந்த விலைக்கு ஏற்றபடி சம்பளத்தை இழுத்து இழுத்துப் பார்ப்போம். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

இப்போது மாதம் எவ்வளவு வாடகை கொடுக்கிறீர்கள்? கடந்த ஒரு வருடத்தில் மாதாமாதம் உண்மையிலேயே எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள்? இரண்டையும் கூட்டுங்கள். ஊரிலிருக்கும் அம்மா அப்பாவுக்கு அனுப்புவது, பிள்ளைகளின் ரியூஷன், சீட்டு எல்லாம் போன பிறகு மிஞ்சியதைத்தான் சேமித்திருக்கிறீர்கள். ஆகவே இந்தக் கூட்டுத்தொகைதான் நீங்கள் தாங்கக்கூடிய தவணை. வாடகை 70,000, சேமிப்பு 40,000 என்றால் 110,000 ரூபாய். அடுத்த மாதத்திலிருந்து சிக்கனமாக இருப்போம் என்று அதில் இன்னும் 30,000 சேர்த்துப் போடாதீர்கள். ஒரு வருடமாக முடியாததை இருபது வருடம் செய்ய வேண்டி வரும்.

ஒரு லட்சம் கடனுக்கு மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?

இந்த ஒரு எண்ணைத் தெரிந்து வைத்திருந்தால் எந்த வங்கிக்குப் போனாலும் நீங்களே சரிபார்க்கலாம். 20 வருடக் கடனில் ஒவ்வொரு லட்சத்துக்கும், வட்டி 10 சதவீதம் என்றால் மாதம் 965 ரூபாய், 12 சதவீதம் என்றால் 1,101 ரூபாய், 15 சதவீதம் என்றால் 1,317 ரூபாய்.

மேலே சொன்ன 110,000 ரூபாயை 1,101ஆல் வகுத்தால் ஏறத்தாழ 100 லட்சம், அதாவது ஒரு கோடிக் கடன். வங்கி விலையில் 75 சதவீதம் தருகிறது, மீதி 25 சதவீதம் உங்கள் கைக்காசு என்றால், நீங்கள் தேடவேண்டிய வீட்டின் விலை 1 கோடியே 33 லட்சம். இந்த எண் கையில் இருக்கும்போது புரோக்கரோடு பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

காலத்தை 25 வருடமாக்கினால் தவணை பாதியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. 12 சதவீதத்தில் லட்சத்துக்கு 1,053 ரூபாய் வரும். வெறும் 48 ரூபாய்தான் குறைகிறது, அதற்காக ஐந்து வருடம் கூடுதலாகக் கட்ட வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அதற்குப் போங்கள்.

சரி, வெள்ளவத்தைக்கும் வத்தளைக்கும் ஹோமாகமவுக்கும் தேவைப்படும் வருமானம் எவ்வளவு வித்தியாசப்படும்?

ஒரே அளவுகோலை எல்லா இடத்துக்கும் வைப்போம்: 25 சதவீதம் கைக்காசு, 12 சதவீத வட்டி, 20 வருடம், தவணை கைக்கு வரும் சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட் 3 கோடி என்று வையுங்கள். 75 லட்சம் கைக்காசு, 225 லட்சம் கடன், தவணை 247,700 ரூபாய். குடும்பத்தின் கைக்கு மாதம் ஏறத்தாழ 619,000 ரூபாய் வரவேண்டும். தெஹிவளை, கல்கிசைப் பக்கம் அதே மாதிரி ஒன்று 2 கோடியே 20 லட்சம் என்றால் தவணை 181,700, தேவையான வருமானம் 454,000. வத்தளை, ஹெந்தளைப் பக்கம் ஆறு பேர்ச்சஸில் ஒரு வீடு 1 கோடியே 80 லட்சம் என்றால் தவணை 148,600, வருமானம் 371,600. ஹோமாகம அல்லது பிலியந்தலைக்கு உள்ளே 1 கோடியே 20 லட்சத்துக்கு முடித்தால் தவணை 99,100, வருமானம் 247,700.

முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே இரண்டரை மடங்கு வித்தியாசம். கைக்காசிலும் அதே மடங்குதான்: ஒன்றுக்கு 75 லட்சம், மற்றதற்கு 30 லட்சம். சம்பளம் போதாமல் நிற்பவர்களைவிட இந்தக் கைக்காசு சேராமல் நிற்பவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன்.

2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வில் இலங்கைக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 53,333 ரூபாய். அதாவது பாதிக் குடும்பங்கள் அதற்கும் குறைவாகவே உழைத்தன. அதற்குப் பிறகு சம்பளங்கள் ஏறியிருக்கின்றன, விலைவாசியும் ஏறியிருக்கிறது. ஆனாலும் உதாரணத்தில் வந்த 247,700கூட எவ்வளவு பெரிய வருமானம் என்பது இதிலிருந்து விளங்கும். வீடு வாங்க முடியாதவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று உறவுக்குள் பேசுவது அநியாயம்.

வெள்ளவத்தையில் ஏன் இவ்வளவு விலை?

வெள்ளவத்தைக் காணியோடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள வசதிக்கும் விலை கொடுக்கிறோம். சைவ மங்கையர் வித்தியாலயம் அங்கேயே இருக்கிறது, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இராமநாதன் மகளிர் கல்லூரியும் கிட்ட இருக்கின்றன. கோயில், தமிழில் பேசி மருந்து வாங்கக்கூடிய பாமசி, கடலோர ரயில், காலி வீதி பஸ் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். முதலாம் தரச் சேர்க்கையில் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்துக்கும் வாக்காளர் பதிவுக்கும் புள்ளி கிடைப்பதால், பிள்ளை பிறந்த கையோடு வீடு தேடுபவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு மேல் வெளிநாட்டுக் காசு. கனடாவிலும் லண்டனிலும் உழைப்பவர் டொலரிலும் பவுண்டிலும் கணக்குப் பார்க்கிறார், இங்கே சம்பளம் வாங்குபவர் ரூபாயில் பார்க்கிறார். இருவரும் ஒரே ஃபிளாட்டுக்குப் போட்டி போடுகிறார்கள். சீதனமாக எழுதிக் கொடுப்பதற்கென்றே வாங்கப்பட்டு, பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உண்டு. உள்ளூர்ச் சம்பளத்தை வைத்துப் பார்த்து “இந்த விலைக்கு யார் வாங்குகிறார்கள்” என்று திகைப்பவர்களுக்குப் பதில் இதுதான்.

என் சம்பளம் 300,000. தவணைக் கணக்கைப் பார்க்கும்போது அதைத்தான் போட வேண்டுமா?

இல்லை, கைக்கு வருவதைப் போடுங்கள். 300,000 ரூபாயில் இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 சதவீதம், 24,000 போகும். 2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 லட்சம் வரை வருமான வரி இல்லை, அதாவது மாதம் 150,000. அதற்கு மேலுள்ள பகுதிக்கு 6 சதவீதத்தில் தொடங்கி 36 சதவீதம் வரை படிப்படியாக வரி. உங்கள் சம்பளத்துக்கு மாதம் 18,500 ரூபாய் வரி வரும். கைக்கு 257,500.

இதே 300,000 ரூபாயைக் கணவனும் மனைவியும் 150,000 வீதம் உழைத்தால் வரியே இல்லை, இருவர் கைக்கும் சேர்த்து 276,000 வரும். சம்பளம் ஏற ஏற இந்த வித்தியாசம் பெரிதாகும். முன்னே சொன்ன வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குக் கைக்கு 619,000 தேவை அல்லவா? இருவர் உழைத்தால் ஆளுக்கு 385,000 சம்பளம் போதும், மொத்தம் 770,000. ஒருவரே உழைப்பதானால் அவருக்கு 937,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வேண்டும். ஆகவே கூட்டுக் கடனாக எடுக்கும்போது கணக்கு இலகுவாகிறது. ஆனால் பிரசவம், சின்னப் பிள்ளை என்று ஒரு சம்பளம் சில காலம் நிற்கக்கூடும். அந்த மாதங்களுக்கான தவணையை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வங்கி இரண்டு கோடி தரலாம் என்கிறது. முழுவதையும் எடுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். வங்கி பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை. தவணை போன பிறகு உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்பது அதன் கணக்கில் இல்லை. சில இடங்களில் சம்பளத்தின் பாதிக்கு மேலும் தவணைக்கு விடுவார்கள். நீங்கள் 40 சதவீதத்தில் நிறுத்துங்கள். வேறு லீசிங், கடன் அட்டை பாக்கி இருந்தால் அதுவும் இந்த 40க்குள் அடங்கவேண்டும். எப்படியும் கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையில் எல்லாம் தெரிந்துவிடும்.

அப்புறம் வட்டி. பல வீட்டுக் கடன்களில் முதல் சில வருடங்களுக்கு மட்டும் வட்டி நிலையாக இருக்கும். பிறகு மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் முதன்மைக் கடன் வீதத்தோடு ஒரு சதவீதத்தைக் கூட்டி மாற்றிக்கொண்டே போவார்கள். 2022இல் என்ன நடந்தது என்பதை மறக்கக்கூடாது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது, செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது, வருட இறுதியில் முதன்மைக் கடன் வீதம் 27 சதவீதத்தைத் தாண்டி நின்றது. ஒரு கோடிக் கடனுக்கு 12 சதவீதத்தில் 110,100 ரூபாயாக இருக்கும் தவணை, 20 சதவீதத்தில் 169,900, 28 சதவீதத்தில் 234,300. அந்த நாட்களில் மாறும் வட்டியில் கடன் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி இறங்கியது. 2025 மே மாதத்தில் மத்திய வங்கியின் கொள்கை வீதம் 7.75 சதவீதமானது. இறங்கியது திரும்ப ஏறாது என்று எந்த வங்கியும் எழுதிக் கொடுக்காது. ஆகவே நிலையான வட்டி எத்தனை வருடம், அதற்குப் பிறகு எந்த வீதத்தோடு எவ்வளவு கூட்டுவார்கள், முன்கூட்டியே கட்டி முடித்தால் தண்டம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு இன்றைய வட்டியோடு 5 சதவீதம் கூட்டித் தவணையைப் போட்டுப் பாருங்கள். 12 இருந்தால் 17. ஒரு கோடிக்கு 146,700 ரூபாய் வரும். அதையும் ஒரு வருடம் தாங்க முடியும் என்றால் அந்த வீடு உங்கள் எல்லைக்குள் இருக்கிறது. முடியாது என்றால் கடனைக் குறையுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள்.

விலைக்கு மேல் வேறு என்ன செலவு வரும்?

மேல் மாகாணத்தில் உறுதி எழுதும்போது முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். 1 கோடியே 80 லட்சம் பெறுமதிக்கு 719,000 ரூபாய். இதை வங்கி தராது, கைக்காசுதான். நொத்தாரிசு கட்டணம், ஈட்டு உறுதிச் செலவு, மதிப்பீட்டாளர் கட்டணம், கடனுக்கான ஆயுள் காப்புறுதி ஆகியவை தனி. புதிய ஃபிளாட் என்றால் சொல்லும் விலையில் வாட் (பெறுமதி சேர் வரி) சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 18 சதவீத வரி பின்னால் வந்து சேர்ந்தால் முழுக் கணக்கும் குழம்பும். குடிபோன பிறகு சோலைவரியும், ஃபிளாட்டில் மாதப் பராமரிப்புக் கட்டணமும் இருக்கும். லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார் உள்ள கட்டடத்தில் அந்தக் கட்டணத்தைத் தவணையோடு சேர்த்தே பாருங்கள்.

கைக்காசுக்கு இபிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

எடுக்கலாம். குறைந்தது 10 வருடம் பங்களிப்புச் செய்தவர்கள் வீட்டுத் தேவைக்காகத் தங்கள் மீதியில் 30 சதவீதம் வரை ஓய்வுக்கு முன்பே பெறும் திட்டம் இருக்கிறது. மீதியைப் பிணையாகக் காட்டி அங்கீகரிக்கப்பட்ட வங்கிகளில் வீட்டுக் கடன் எடுக்கும் வழியும் உண்டு. இரண்டுமே ஓய்வுகாலப் பணத்தைத் தொடுவதுதான். ஆனால் வேலை முடிந்த பிறகு வாடகை இல்லாத வீடு இருப்பதும் ஒரு ஓய்வூதியம் மாதிரி என்பதால், இதைத் தவறென்று சொல்லமாட்டேன்.

நகையை அடகு வைத்துக் கைக்காசு சேர்க்கலாமா?

வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு கடனுக்கு வட்டி கட்டுவீர்கள். விற்க மனமிருந்தால் விற்றுவிடுங்கள்.

தூரமாகப் போனால் உண்மையிலேயே மிச்சமா?

போகும் வழியைப் பொறுத்தது. ரயில் பாதையோரம் போனால் பெரும்பாலும் மிச்சம்தான். இரத்மலானை, மொரட்டுவை, பாணந்துறை வரை கடலோரப் பாதை. மகரகம, ஹோமாகம பக்கம் களனிவெளிப் பாதையும் 138 பஸ்ஸும். வடக்கே றாகமை, கந்தானை, ஜா-எல வரை புத்தளம் பாதை. சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு சின்னது. பிலியந்தலைக்கு ரயில் இல்லை, 120 பஸ்ஸும் நெரிசலும்தான்.

காரில் போய்வர வேண்டிய இடம் என்றால் லீசிங்கும் பெற்றோலும் சேர்ந்து மாதம் ஒரு பெரிய தொகையாகிவிடும். ஹோமாகம உதாரணத்தில் தவணை வத்தளையைவிட 49,500 ரூபாய் குறைவு. காருக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவானால், தூரம் போய் நீங்கள் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை. வேலை நாள் ஒன்றில் காலை ஆறரைக்கு அந்த இடத்திலிருந்து புறப்பட்டு அலுவலகம் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காட்டிய வீட்டை ஞாயிற்றுக்கிழமைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம்.

தமிழ் மொழிப் பாடசாலை எவ்வளவு தூரம் என்பதும் செலவுதான். பிள்ளையை வானில் பம்பலப்பிட்டிக்கு அனுப்ப வேண்டுமானால் வான் கட்டணத்தை எழுதுங்கள், பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்பதையும் யோசியுங்கள். பலர் வத்தளையைத் தேர்வதற்கு இதுவும் காரணம். ஹெந்தளை, மாபோலைப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளும் எட்டும் தூரம்.

ஃபிளாட்டா, கட்டிய வீடா, காணி வாங்கிக் கட்டுவதா?

ஃபிளாட் என்றால் பத்திரத்தை முதலில் பாருங்கள், டைல்ஸைப் பிறகு பார்க்கலாம். தொடர்மாடி வரைபடம் பதிவாகி, உங்கள் வீட்டுக்கென்று தனி உறுதி இருக்கவேண்டும். கட்டடம் அனுமதிப்படியே கட்டப்பட்டது என்று உள்ளூராட்சி சபை கொடுத்த சிஓசி சான்றிதழ் இருக்கவேண்டும். ஒழுங்கைகளுக்குள் மூன்று மாடிக்கு அனுமதி எடுத்து ஐந்து மாடி கட்டியவை உண்டு. விலை மலிவாகச் சொல்வார்கள். வங்கி அதற்குக் கடன் தராது, நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் வாங்குபவருக்குக் கடன் கிடைக்காது. அந்த மலிவு மலிவல்ல.

காணி என்றால் முப்பது வருட உறுதித் தொடரைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு பேர்ச்சஸுக்குக் குறைந்த துண்டில் வீடு கட்ட அனுமதி எடுப்பது பெரும்பாடு. வயலை நிரப்பிப் பிரித்த துண்டா என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். கட்டும்போது மேசன் பாஸ் சொன்ன தொகைக்கு மேல் இருபது சதவீதமாவது ஒதுக்குங்கள். கடன் கட்டம் கட்டமாகத்தான் வரும், அதுவரை வாடகையும் வட்டியும் சேர்ந்து ஓடும். ஆனாலும் கையில் காசு கொஞ்சமாகச் சேரும் குடும்பத்துக்கு, இரண்டு அறையைக் கட்டிக் குடிபோய்ப் பிறகு மேல்மாடி எடுப்பது நல்ல வழி. ஃபிளாட்டில் அது முடியாது.

களனி கங்கைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே?

2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனி, கடுவலைப் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் களனி கங்கை பெருகியது. அங்கே எல்லா ஒழுங்கையும் தாழ்ந்தவை அல்ல, மேடான இடங்களும் இருக்கின்றன. அயலவரின் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைப் பாருங்கள். அதைவிட நேர்மையான மதிப்பீட்டறிக்கை கிடையாது.

யாழ்ப்பாணத்தில் வாங்குவது மலிவா?

ஒப்பிடும் முன் அளவை ஒன்றாக்குங்கள். ஒரு பரப்பு பத்து பேர்ச்சஸ், பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். பரப்பு விலையைப் பத்தால் வகுத்தால்தான் கொழும்பு விலையோடு நிற்கும். நல்லூரைச் சுற்றியுள்ள காணியைக் கொழும்பின் தூரப் புறநகரோடு ஒப்பிட்டால் மலிவாக இருக்காது. கிராமப் பக்கம் மலிவுதான். ஆனால் உழைப்பு கொழும்பில் என்றால், ஊரில் வீட்டுக்குத் தவணையும் கொழும்பில் வாடகையும் இரண்டும் கட்டவேண்டும். ஓய்வுக்கு இன்னும் சில வருடமே இருப்பவர்கள் தவிர மற்றவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன்.

கனடாவிலுள்ள அண்ணன் காசு தருகிறார். அவர் பெயரிலேயே வாங்கலாமா?

அவர் இரட்டைக் குடியுரிமை வைத்திருந்தால் தடையில்லை. இலங்கைக் குடியுரிமை இல்லாவிட்டால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி அவர் பெயரில் காணி வாங்க முடியாது. சட்டம் அனுமதிக்கும் தொடர்மாடி வீட்டை, முழுப் பணத்தையும் வெளிநாட்டு நாணயத்தில் முன்கூட்டியே கொண்டுவந்து வாங்கலாம். உங்கள் பெயரில் வாங்கினால், அது அன்பளிப்பா கடனா என்பதை வாங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணியும் உங்கள் மனைவியும் இருக்கும்போதே பேசுவது இன்னும் நல்லது.

வாடகை கொடுப்பது வீண் காசு என்கிறார்களே?

எப்போதும் அப்படியில்லை. 3 கோடி ஃபிளாட்டுக்கு மாதம் ஒரு லட்சம் வாடகை என்றால் வருடம் 12 லட்சம், விலையில் 4 சதவீதம். அதே ஃபிளாட்டுக்காக 12 சதவீதத்தில் கடன் எடுத்தால் முதல் வருடத்தில் வட்டி மட்டும் ஏறத்தாழ 27 லட்சம். வீட்டு விலை ஏறும் என்ற நம்பிக்கைக்காக அந்த வித்தியாசத்தைக் கொடுக்கிறீர்கள். அதற்கு மத்திய வங்கி வெளியிடும் காணிப் பெறுமதிச் சுட்டியைப் பார்க்கலாம், ஆனால் அது கொழும்பு மாவட்டத்துக்கு மட்டும். வத்தளை கம்பஹா மாவட்டம் என்பதால் அதில் வராது.

வாடகை வீட்டில் பயம் வேறு இடத்தில் இருக்கிறது: வருடா வருடம் ஏற்றுவார்கள், திடீரென்று எழும்பச் சொல்வார்கள், அட்வான்ஸைத் திருப்பித் தர இழுத்தடிப்பார்கள். பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளோடு இடம் மாறிக்கொண்டே இருப்பது பெரிய வேதனை. உங்கள் வாடகை வருடத்துக்கு வீட்டு விலையில் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்து, வீட்டுக்காரரும் நல்லவர் என்றால், இரண்டு மூன்று வருட ஒப்பந்தமாக எழுதிப் பதிந்துகொண்டு கைக்காசைச் சேருங்கள். அது 6 சதவீதத்தை நெருங்கி, 25 சதவீதக் கைக்காசும் கையில் இருந்தால் வாங்குவதற்கான கணக்கை இன்றே போடத் தொடங்கலாம்.